இரண்டாம் காது

எங்கள் வானம் அப்போது விலை கூடியது. உலகத்திலேயே அதிகம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்தப் பக்கத்துக் கடல்களுக்கு மேலே எங்களைவிட அதிகமாக வாங்கினவன் கிடையாது. தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளங்களைத் தாண்டி இருக்கிற தென்கடல் வான் மையத்தில் விமானங்களுக்கு வழி சொல்கிறவள் நான். பெயர் ஜெசிந்தா மச்சாது, வயது நாற்பத்தேழு. வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். பிழைப்பே வாயால்தான், அப்புறம் எப்படிக் குட்டையாக இருக்கும்?

ஒரு நாட்டின் வானத்தைக் கடந்து போகிற விமானம் அந்த நாட்டுக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது பழைய வழக்கம். புதுசாக வந்தது துலா. துலா ஒரு கணினி, எந்த ஊரில் இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வானத்துக்கும் ஒரு விலை போடும். சம்பளம், மின்சாரம், ஆள் எண்ணிக்கை எல்லாம் பார்த்துப் போடுகிற விலை. விமானத்துக்குள் இருக்கும் கணினி அதைப் படித்து, எந்த வழி சல்லிசோ அந்த வழியைப் பிடிக்கும். எங்களுக்குத் தெற்கே தீவு மண்டலம். அங்கே கட்டணம் அறுபத்தொன்று, எங்களிடம் நூற்று நாற்பத்திரண்டு. பெரிய விமானங்கள் முந்நூறு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு, கூடுதலாக எண்ணெய் எரித்து, எங்கள் எல்லையைத் தொடாமல் தெற்கே போயின. ஸ்கிரீனில் அதைப் பார்க்கிறபோது, தெரிந்தவர்கள் நம் வீட்டு வாசலைத் தாண்டாமல் அடுத்த தெரு வழியாகப் போகிற மாதிரி இருக்கும். வயிறு எரியும்.

"ஏம்மா, விமானம் குறையக் குறைய நாம விலையைக் குறைக்கதுதானே? கூட்டிக்கிட்டே போறானே?" என்று இசக்கியப்பன் அண்ணாச்சி ஒருநாள் கேட்டார். அவர் என் பக்கத்து நாற்காலிக்காரர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"கல்யாணத்துக்கு வேன் பிடிக்கோம்லா அண்ணாச்சி. பதினாறு பேர் வந்தா தலைக்கு நூறு. எட்டுப் பேர் வேற வண்டியில போயிட்டா மிச்ச எட்டுப் பேரும் தலைக்கு இருநூறு குடுக்கணும். வேன்காரன் வாடகையைக் குறைப்பானா? அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் இறங்கிப் போவான்."

"கடைசியில இறங்க முடியாதவன் யாரு?"

நல்ல கேள்வி. சிங்கப்பூருக்குப் போகிறவன் சுற்றிப் போகலாம். சவுதியில் தமாமிலிருந்து திருச்சிக்கும், மஸ்கட்டிலிருந்து மதுரைக்கும் வருகிறவன் எங்கள் மேலேதான் வந்தாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிற கொத்தனாரும் வெல்டரும் நிரம்பிய விமானங்கள். எங்கள் வானத்தின் செலவு முழுக்க அவர்கள் டிக்கெட்டில்தான் ஏறியது. வசதியானவன் சுற்றிப் போக, வக்கற்றவன் வாடகை கட்டினான்.

இப்படி இருக்கும்போதுதான் லோகநாயகி வந்தார்.

*

லோகநாயகி செலவுத் தணிக்கை அதிகாரி. கோயம்புத்தூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். துலா கேட்கிற கேள்விகளை நேரில் வந்து கேட்பதுதான் அவர் வேலை. இந்த மாதிரி ஆட்கள் வந்தால் எனக்கு முகம் தானாகக் கோணிக்கொள்ளும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, மரியாதையான பெண்மணி. யாரையும் எடுத்தெறிந்து பேசவில்லை.

எங்கள் அறையில் ஏழு மேசை. மேசைக்கு இரண்டு நாற்காலி. வாசலில் நின்றபடியே அதை எண்ணிவிட்டார்.

"ஏனுங்க மேடம், மத்த மண்டலத்துல எல்லாம் மேசைக்கு ஒருத்தர்தானுங்களே. இங்க ரெண்டாவது ஆள் என்ன பண்றாருங்க?"

"கேக்காரு."

"என்ன கேக்கறாருங்க?"

"எனக்குக் கேக்குத எல்லாத்தையும்."

"கேட்டு?"

"கேட்டுட்டு சும்மா இருப்பாரு."

அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். நான் விளக்கமாகச் சொன்னேன்.

இது எங்கள் மையத்தில் மட்டும் இருக்கிற பழக்கம். கட்டுப்பாட்டாளருக்கு வருடா வருடம் கண், காது, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். கண் தேறாவிட்டால் லைசன்ஸ் போய்விடும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் இங்கே இருந்தவர்கள், கண் போனால் போகட்டும், காது இருக்கிறதே என்று அப்படிப்பட்டவர்களைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதல் ஆள் பேசுவார். இரண்டாம் காது இன்னொரு ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருக்கும். முதல் ஆள் தப்பாக ஒரு உயரமோ பாதையோ சொன்னால், இரண்டாம் ஆள் மேசையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். வாயைத் திறக்க மாட்டார். முதல் ஆள் உடனே திருத்திச் சொல்வார். ஷிப்ட் முடிந்து டீ குடிக்கப் போவார்கள். அந்தத் தட்டைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசக்கூடாது, மேற்பார்வையாளரிடம் மட்டுமல்ல, பெண்டாட்டியிடம்கூட. அதனால்தான் திருத்துகிறவர் மேல் யாருக்கும் கோபம் வந்ததில்லை.

"ஆபத்து வந்தா கம்ப்யூட்டர் மணி அடிக்குமுங்களே?"

"அடிக்கும். அடிச்சா விமானம் படக்குனு இறங்கும், இல்ல ஏறும். நிக்கவன் மண்டை கூரையில மோதும். போன வருசம் வேற ஒரு வானத்துல ஒரு ஏர்ஹோஸ்டஸ் பிள்ளைக்கு இடுப்பு நொறுங்கிப் போச்சு. மணி அடிக்கிற வரைக்கும் போகக் கூடாதுன்னுதான் இந்தக் காது."

லோகநாயகி பேனாவை மூடினார். "நான் நம்பறனுங்க. ஆனா துலாவுக்கு எண்ணு வேணும். போன வருசம் இவங்க எத்தனை தப்பைப் பிடிச்சாங்க?"

"எழுதி வைக்கல."

"அப்ப நடக்காம போனதுக்கு நீங்க அத்தாட்சி காட்டணுமுங்க." அவர் குரலில் கேலி இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "முப்பது நாள் குடுக்கறேன். மேசைக்கு ஒரு நோட்டு. தட்டினா, எப்ப தட்டினாங்க, யார் என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க. எண்ணு இருந்தா நான் சண்டை போடறேன். இல்லைன்னா மூணு ஷிப்டுக்கும் சேர்த்து இருக்கற ரெண்டாவது ஆளுங்க இருபத்தொரு பேரையும் துலா எடுத்துடும். ஆள் எடுத்துட்டா உங்க விலை நேரா அம்பத்தெட்டுக்கு வந்துருமுங்க."

அந்த இருபத்தொரு பேரில் ஒருவர்தான் இசக்கியப்பன் அண்ணாச்சி. வயது ஐம்பத்தைந்து. சர்க்கரை வந்து கண்ணைத் தின்றுவிட்டது. ஸ்கிரீனில் எழுத்து தெரியாது. ஆனால் மூன்று பைலட்டுகள் ஒரே நேரத்தில் பேசினாலும் யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்வார். இங்கே வேலை போனால் கண் தெரியாத சர்க்கரை நோயாளிக்கு வெளியே யார் வேலை தருவார்கள்?

"எழுதிட்டாப் போச்சு" என்றார் அவர். "நாம தப்பா பண்ணிக்கிட்டு இருக்கோம்?"

அதுதானே, தப்புப் பண்ணினதை எழுதத்தானே நோட்டு!

*

நோட்டு வந்த அன்றே அறை மாறிவிட்டது. எழுதினால் அது முதல் ஆளின் பெயரில் விழும். பதிவான தப்பு ஒன்றுக்கு தொண்ணூறு நாள் மேசையை விட்டு வெளியே இருக்க வேண்டும், பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். இதெல்லாம் விதியில் எப்போதும் இருந்ததுதான். தட்டு யாருக்கும் தெரியாமல் இருந்ததால் விதிக்கு வேலை இல்லாமல் இருந்தது. இப்போது இரண்டாம் காதுகள் தட்டினார்கள், தட்டிவிட்டு நோட்டைப் பார்த்தார்கள், அப்புறம் வேறெங்கோ பார்த்தார்கள். கூட இருக்கிறவன் சோற்றில் எப்படி மண் போடுவது?

பன்னிரண்டாம் நாள் காலை பத்தே முக்காலுக்கு மஸ்கட்–மதுரை விமானம் இறங்க அனுமதி கேட்டது. முப்பதாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னேன். நடுவில் முப்பத்தோராயிரத்தில் குறுக்கே ஒரு சரக்கு விமானம் போய்க்கொண்டிருந்தது. மூன்று நிமிடத்துக்கு முன்னால் நானே பேசி அனுப்பிய விமானம். என் மூளையிலிருந்து அது சுத்தமாகப் போய்விட்டது.

மேசையில் இரண்டு தட்டு.

"முப்பத்திரண்டில் நில்லுங்கள், மறுபடி சொல்கிறேன், முப்பத்திரண்டு" என்றேன். பைலட் திருப்பிச் சொன்னார். நான்கு நொடி. நூற்று எழுபத்தொன்பது பேர் இருந்த விமானம். அவர்களில் ஒருவருக்குக்கூட ஒன்றும் தெரியாது.

அண்ணாச்சி நோட்டைத் திறந்தார். எழுதுவதற்குக் கண் தெரியாதே, முகத்தை நோட்டில் ஒட்டிக்கொண்டு எழுதுவார். பேனா மூடியைக் கழற்றினார்.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மேற்பார்வையாளர் பட்டியல் அந்த மாதம் வர இருந்தது. ஒன்பது வருடம் காத்திருந்தேன். அவர் கையைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, இந்த ஒண்ணு மட்டும் வேண்டாம். மத்த மேசைக்காரங்க எழுதுவாங்கள்லா?"

அவர் மூடியை மறுபடி மாட்டினார். "அதான, ஆறு மேசை இருக்கே" என்றார்.

ஆறு மேசையிலும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். முப்பதாம் நாள் லோகநாயகி ஏழு நோட்டையும் வாங்கிப் புரட்டினார். ஏழும் வெள்ளையாக இருந்தன. அன்னியன் ஒருவன் எங்களைக் கவிழ்க்கத் தேவையே இருக்கவில்லை. ஒருவர்மேல் ஒருவர் வைத்த பாசத்திலேயே கவிழ்ந்தோம்.

*

மறுநாள் லோகநாயகி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"வாழ்த்துக்கள் மேடம். துலா உங்களுக்கு முதலிடம் குடுத்திருக்கு."

"எதுக்கு?"

"பன்னெண்டாம் நாள் ஒரு தப்பு சொல்லி நாலு நொடியில நீங்களே திருத்திட்டீங்களாம். ஒலிப்பதிவுல இருக்குதுங்க. ரெண்டாவது ஆள் பேசவே இல்ல. அதனால இங்க கட்டுப்பாட்டாளர் தன்னைத் தானே திருத்திக்கறாங்க, தனி ஆளே போதும்னு எழுதியிருக்கு. உங்களைத்தான் உதாரணமாப் போட்டிருக்கு."

விரல் தட்டியது ஹெட்போன் மைக்கில் விழவில்லை. விழாத மாதிரி தட்டப் பழகியவர்கள் அவர்கள்.  அண்ணாச்சியின் வேலையை நான் ஒருமுறை கையைப் பிடித்துப் பறித்தேன், இப்போது என் பெயராலேயே பறிக்கப்போகிறார்கள்.

"அது நான் இல்ல" என்றேன்.

"என்னங்க?"

"நான் திருத்தல. அவரு தட்டினாரு. எழுதப் போனாரு, நான்தான் தடுத்தேன். பட்டியல்ல பேர் வரணும்னு தடுத்தேன்." சொல்லிவிட்டு அழுதேன். வெட்கத்தில் வந்த அழுகை. அதைத் துடைக்கிற மாதிரி எதையும் அவர் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

"எழுத்துல குடுப்பீங்களா? குடுத்தா தொண்ணூறு நாள் போயிரும். பட்டியலும் போயிரும்."

"பேப்பர் குடுங்க."

என் ஒரு கடிதம் துலாவுக்குச் சாவி மாதிரி ஆகிவிட்டது. நான்கு நொடித் திருத்தம் என்றால் அதற்குப் பின்னால் ஒரு தட்டு இருக்கிறது என்று அது கற்றுக்கொண்டது. முப்பது நாள் ஒலிப்பதிவையும் மறுபடி கேட்டு, பதினொன்று என்று எண்ணிச் சொன்னது. நோட்டிலும் இல்லை, எழுத்தில் யாரும் ஒத்துக்கொள்ளவும் இல்லை என்பதால் மற்றவர்களைத் தண்டிக்கவில்லை. தண்டனை எனக்கு மட்டும்தான். கேன்டீனில் இரண்டு பேர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணாச்சி மட்டும் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார்.

"பதினொண்ணுன்னு எண்ணிட்டான்லா, இனி நம்மள எடுக்க மாட்டான்" என்றார். "ஆனா நீ எதுக்கும்மா ஒன்பது வருசத்தைத் தூக்கிக் குடுத்த?"

"உங்களுக்காக ஒண்ணும் இல்ல, போங்க" என்றேன்.

*

தொண்ணூறு நாள் கழித்துத் திரும்பி வந்தேன். அண்ணாச்சி என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். இருபத்தொரு பேரும் இருந்தார்கள். விலைப் பலகையில் எங்கள் வானம் எழுபது! பெரிய விமானங்கள் சுற்றுவதை விட்டுவிட்டு எங்கள் மேலே வரிசையாகப் போயின. இதென்ன அதிசயம், ஆளும் குறையவில்லை, விலை மட்டும் எப்படிக் குறைந்தது?

"புது ஹெட்போன் குடுத்திருக்கான்" என்றார் அண்ணாச்சி. 

மதியம் இரண்டே காலுக்குத் தமாம்–திருச்சி விமானம் என்னைக் கூப்பிட்டது. நான் பதில் சொன்னேன். பக்கத்தில் திரும்பினால் அண்ணாச்சி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"அணைஞ்சு போச்சும்மா. இவன் காசு கட்டல."

அப்போதுதான் விளங்கியது. இரண்டாம் காதுக்கு மதிப்பு உண்டு என்று துலா ஒத்துக்கொண்டது. மதிப்பு இருந்தால் விலை இருக்க வேண்டும் அல்லவா? அதனால் அதைப் பொதுச் செலவிலிருந்து பிரித்துத் தனிக் கட்டணமாக்கிவிட்டது. விருப்பம் இருக்கிற ஏர்லைன் கட்டலாம். லண்டனுக்கும் சிட்னிக்கும் போகிறவர்கள் கட்டினார்கள். கட்டாத விமானம் பேசும்போது இரண்டாவது ஹெட்போன் தானாக ஊமையாகிவிடும். திருச்சி விமானத்தின் டிக்கெட் முந்நூறு ரூபாய் கூடினால் அடுத்த கம்பெனிக்கு ஆள் போய்விடும், அவன் எங்கே கட்டுவான்? என் கடிதத்தில் நான் கேட்டது இதையா?

அண்ணாச்சி நாற்காலியை இழுத்து என்னோடு ஒட்டிப் போட்டார். என் ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கி, தன் காதை அதில் வைத்தார். எங்கள் இரண்டு பேர் தலையும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் தேய்த்திருந்த நல்லெண்ணெய் வாசனை என் மூக்கில் ஏறியது.

"மூணு மாசமா இப்படித்தான்" என்றார். "பேசும்மா."

தலையை நிமிர்த்தி அறையைப் பார்த்தேன். ஏழு மேசையிலும் இதே கூத்துதான் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஹெட்போனில் இரண்டு தலை. கட்டின விமானம் வந்தால் விலகுவார்கள், கட்டாத விமானம் வந்தால் ஒட்டிக்கொள்வார்கள். யாரும் யாரிடமும் கலந்து பேசவில்லையாம். கழுத்து வலிக்கு எல்லோரும் ஒரே தைலம் தடவியிருந்தார்கள், அறை முழுக்க அந்த நெடி. எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, இவர்களோடு வேலை பார்க்கிறோம் என்று பெருமையாகவும் இருந்தது.

*

ஒரு மாதம் கழித்து லோகநாயகி வந்தார். அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, என்னையும் அண்ணாச்சியையும் கேன்டீனுக்கு அழைத்துப்போனார்.

"நாலு மாசக் கணக்கு வந்திருச்சுங்க. காசு கட்டின விமானத்துல திருத்தாம விட்ட தப்பு பூஜ்யம். கட்டாத விமானத்துலயும் பூஜ்யம்."

"நல்லதுதானே?" என்றார் அண்ணாச்சி.

"இல்லீங்க அண்ணா. கட்டினவன் கேக்கறான், கட்டாதவனுக்கும் எனக்கும் ஒரே மாதிரிதான் இருக்குது, நான் எதுக்குக் கட்டணும்னு. துலாவும் அதையேதான் கேக்குது. அடுத்த மாசமும் வித்தியாசம் தெரியலைன்னா ரெண்டாம் காதால பிரயோசனம் இல்லைன்னு அர்த்தம். அந்தக் கட்டணத்தை எடுத்துட்டு ஆளையும் எடுத்துரும்."

நான் பொங்கிவிட்டேன். "நீங்கதான் கண்ணால பாத்தீங்கள்லா மேடம்? நாங்க ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கதை எழுதுங்க. அதனாலதான் பூஜ்யம்னு எழுதுங்க!"

"எழுதலாமுங்க. எழுதினா, காசு கட்டாதவனுக்குக் காசு சேவையைத் திருட்டுத்தனமாக் குடுக்கறீங்கன்னு ஆயிரும். அடுத்த வாரமே ரெண்டு நாற்காலிக்கும் நடுவுல கண்ணாடி வெச்சுருவாங்க. அதனாலதான் நீங்க இல்லாதப்ப ஒரு தடவை வந்து பாத்தும் நான் எழுதல." தேநீரை அப்படியே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் இதைச் சொல்லக் கூடாதுங்க. ஆனா வேலை நிக்கறதுக்கு ஒரே வழிதான் இருக்குது. ஒரு மாசம் தள்ளி உக்காருங்க. ஒரு வித்தியாசம் தெரியட்டும்."

"வித்தியாசம்னா?" என்றார் அண்ணாச்சி.

 நான்தான் சொன்னேன். "ஒரு தடவை மணி அடிக்கணும் அண்ணாச்சி. காசு கட்டாத ஒரு விமானம் படக்குனு இறங்கணும்."

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பெருசா ஒண்ணும் ஆகாதுல்லா?" என்று கேட்டார். பாவம், அவருக்கு வேலை வேண்டும். இதைக் கேட்டதற்காக நான் அவரை ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை.

"ஆகாமலும் இருக்கலாம். யாருக்காவது கழுத்து முறியவும் முறியலாம்."

"சரி, தள்ளி உக்காந்து பாக்கேன்" என்றார்.

அன்று மதியம் தமாம்–திருச்சி விமானம் கூப்பிட்டபோது அவருடைய ஹெட்போன் அணைந்தது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மற்ற ஆறு மேசையும் எங்களைத்தான் பார்த்தது, செய்தி அதற்குள் பரவியிருந்தது. நான் முதல் உயரம் சொன்னேன். அவர் அசையவில்லை. இரண்டாவது சொன்னேன். அவர் கால் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கோ, எதைச் சொன்னாலும் சரியாகத்தான் சொல்கிறேனா என்று சந்தேகமாகவே இருந்தது. பதினோரு நிமிடம் அப்படிப் போனது. திடீரென்று நாற்காலியை இழுக்கிற சத்தம்.

"எத்தனை பேரும்மா உள்ள?"

"நூத்து எண்பத்தாறு."

"என்னால முடியல தாயி. எல்லாம் என் காதுக்குள்ளயே இருக்கானுவ." என் ஹெட்போனைத் தூக்கித் தலையை நுழைத்துக்கொண்டார்.

"வேலை போயிரும் அண்ணாச்சி."

"தெரியும். பைலட் காத்துக்கிட்டு இருக்கான், பதில் சொல்லு."

சொன்னேன். எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஆறு மேசையிலும் நாற்காலிகள் நெருங்கின.

அந்த மாதமும் வித்தியாசம் பூஜ்யம். இருபத்தொரு பேருக்கும் ஒரே காலையில் கடிதம் வந்தது. அண்ணாச்சியின் கடிதத்தை நான்தான் அவருக்குப் படித்துச் சொன்னேன். நடுவில் நிறுத்தாமல் படிக்கச் சொன்னார், படித்தேன். இப்போது அவர் எட்டயபுரம் பக்கம் மச்சினன் கடையில் உட்கார்ந்திருக்கிறார். போன் செய்தால், "பேசும்மா" என்றுதான் எடுக்கிறார்.

எங்கள் வானம் இன்றைக்கு ஐம்பத்தெட்டு, தீவு மண்டலத்தைவிடச் சல்லிசு. அந்தப் பக்கத்தில் யாரையோ வேலையைவிட்டு அனுப்பப்போகிறார்கள் என்று கேள்வி. செலவைச் சிக்கனமாகக் கையாண்டதற்கு எங்கள் மையத்துக்கு விருதுகூட வந்திருக்கிறது, கண்ணாடிக் கேடயம், வரவேற்பறையில் வைத்திருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது என் அக்கா மகன் ரோமால்டு ஓடிவந்து கையைப் பிடித்தான். தமாமில் குழாய் வேலை பார்க்கிறவன், இரண்டு வருடம் கழித்து வந்திருக்கிறான்.

"சித்தி, இந்தத் தடவை டிக்கெட் எவ்வளவு சல்லிசு தெரியுமா! உங்க ஆபீஸ்ல விலையைக் குறைச்சிட்டாங்களாமே, பிளைட்ல எல்லாரும் பேசிக்கிட்டாங்க."

"என்னைக்கு வந்த?"

"செவ்வாக்கிழமை. ரெண்டே காலுக்கு மேல நம்ம கடலு தெரிஞ்சது."

செவ்வாய்க்கிழமை இரண்டே காலுக்கு அந்த மேசையில் நான்தான் இருந்தேன். அன்றைக்கு ஒன்பது விமானத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். அவன் விமானத்துக்கு என்ன உயரம் சொன்னேன் என்று அங்கேயே நின்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, நல்லபடியாக வந்து சேர்ந்தாயே, அது போதும் என்றேன். தப்பு ஏதாவது செய்தேனா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல இப்போது பக்கத்தில் ஆள் இல்லை.